ஒன்பதாவது புத்தகத்தை முதலில் எடுக்காதீர்கள்

திருவல்லிக்கேணி நடைபாதையில் ஒரு பழைய ஆங்கில நாவலை வாங்கினேன். விலை குறைவு, அட்டை கிழியாமல் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. பெயர் 'காப் கில்லர்'. ஸ்வீடனின் தென்கோடிக் கிராமம், காணாமல்போன ஒரு பெண், அவளைத் தேடி வரும் களைத்த போலீஸ்காரர்கள் இருவர். இரண்டே நாளில் முடித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அது பத்துப் புத்தக வரிசையில் ஒன்பதாவது என்று தெரிந்தது. சரி, முறையாக முதலிலிருந்து படிப்போம் என்று 'ரோசன்னா'வைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தேன். புத்தகத்தின் நடுவில் ஒரு பெயர் வந்தது. எனக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர். ஒன்பதாவது புத்தகத்தில் அந்த ஆள் தண்டனை முடிந்து வெளியே வந்து குடியிருந்தான்! போலீசுக்கு முன்பே கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டேன், துளி மகிழ்ச்சியும் இல்லை. இரண்டாவது புத்தகத்துக்கும் அதே கதிதான். அதன் குற்றவாளியும் ஒன்பதாவதில் ஒரு வேலையோடு வந்து போகிறான்.

பெயர்களை நான் சொல்லப்போவதில்லை. ஒரு வரிசையின் நடுவிலிருந்து புத்தகத்தை உருவினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் இந்தக் கதை. துப்பறியும் நாவல் வரிசை ஒன்றை முதன்முதலாகப் படிக்க விரும்புகிறவர்கள் எப்படித் தொடங்கலாம், எப்படித் தொடரலாம் என்பதை மேய் ஹூவால், பேர் வாலோ என்ற ஸ்வீடன் எழுத்தாளர்கள் இருவரும் சேர்ந்து, ஸ்டாக்ஹோம் போலீஸ் துப்பறிவாளர் மார்ட்டின் பெக்கை வைத்து எழுதிய நாவல்களைக் கொண்டே சொல்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த வரிசை இது ஒன்றுதான்.

எந்த வகை வரிசை என்று முதலில் பாருங்கள்

வார இதழில் வளர்ந்த நமக்குத் 'தொடர்' என்றால் வியாழக்கிழமைதோறும் 'தொடரும்' என்று கழுத்தை அறுக்கும் கதை. பஸ் நிலையக் கடையில் தொங்கிய மாத நாவல்கள் இன்னொரு வகை. துப்பறிவாளர் ஒருவரே, கதை மட்டும் மாதாமாதம் வேறு. அவருக்கு வயது ஏறாது, தலை நரைக்காது, போன மாதம் தோளில் பாய்ந்த குண்டு இந்த மாதம் வலிக்காது. இந்த இரண்டாம் வகையை எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம். ஷெர்லாக் ஹோம்ஸ்கூடப் பெரும்பாலும் அப்படித்தான். நான்கு நாவல், 56 சிறுகதை. அவர் அருவியில் விழும் கதையையும் திரும்பி வரும் கதையையும் மட்டும் முன்பின் மாற்றாமல் படித்தால் போதும்.

மூன்றாவது வகைதான் புதியவர்களை ஏமாற்றும். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு வழக்கு தொடங்கி அதிலேயே முடிந்துவிடும். ஆகவே தனித்தனிக் கதை என்று தோன்றும். ஆனால் வழக்குகளுக்குப் பின்னால் மனிதர்கள் மூப்படைந்துகொண்டிருப்பார்கள். திருமணம் முறியும், சக ஊழியர் இறப்பார், பழைய வழக்கின் நிழல் புதிய வழக்கில் விழும். மார்ட்டின் பெக் வரிசை இந்த வகை. எது எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி உண்டு. இரண்டாவது அல்லது மூன்றாவது புத்தகத்தில் துப்பறிவாளரின் வீட்டு அத்தியாயம் ஒன்றைப் புரட்டுங்கள். அவர் வீட்டில் ஏதாவது மாறிக்கொண்டிருந்தால் முதலிலிருந்துதான் படித்தாக வேண்டும்.

இந்தப் பத்துக்குள் என்ன இருக்கிறது

ஹூவாலும் வாலோவும் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்கள், திருமணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள், இருவரும் மார்க்சியர்கள். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இரவில் மேசையின் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு அத்தியாயம் மாறி மாறி எழுதினார்கள். ஆண்டுக்கு ஒன்றாகப் பத்துப் புத்தகம், புத்தகத்துக்கு 30 அத்தியாயம், ஆக மொத்தம் 300 அத்தியாயம் என்பது தொடங்கும்போதே போட்ட திட்டம். முழு வரிசைக்கும் அவர்கள் வைத்த பொதுத் தலைப்பு 'ஒரு குற்றத்தின் கதை'. பத்து நாவலில் எத்தனையோ பிணங்கள் விழுகின்றன, தலைப்பில் மட்டும் குற்றம் ஒருமையில் நிற்கிறது. மக்கள்நல அரசு என்று உலகமே மெச்சிய ஸ்வீடன் தன் ஏழைகளையும் முதியவர்களையும் கைவிட்டது என்பதுதான் அவர்கள் குறிப்பிட்ட அந்த ஒற்றைக் குற்றம். பத்தாவது புத்தகம் வெளிவந்த 1975-லேயே வாலோ இறந்துபோனார்.

இது தெரியாமலும் படிக்கலாம். தெரிந்து படித்தால், கொலை நடந்த இடத்தை விட்டுவிட்டு ஒரு பக்கம் முழுக்க இடிக்கப்பட்ட தெருவைப் பற்றி ஏன் எழுதுகிறார்கள் என்று சலித்துக்கொள்ள மாட்டீர்கள்.

வரிசையைக் காகிதத்தில் எழுதுங்கள்

கடைக்காரரை நம்ப வேண்டாம், 'இதே ஆசிரியர்களின் பிற நூல்கள்' என்ற பக்கத்தையும் நம்ப வேண்டாம். அந்தப் பட்டியல் சில பதிப்புகளில் அகர வரிசையில் இருக்கும், சிலவற்றில் அந்தப் பதிப்பகம் வெளியிட்டவை மட்டும் இருக்கும். உரிமைப் பக்கத்தைத் திறந்து மூல மொழியில் வெளியான ஆண்டைப் பாருங்கள். மொழிபெயர்ப்பின் ஆண்டு உதவாது. மார்ட்டின் பெக்கிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. மூன்றாவது புத்தகம் 1968-இல் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது, இரண்டாவது 1969-இல்தான் வந்தது. ஆங்கில ஆண்டைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டும் இடம் மாறிவிடும்.

ஸ்வீடிஷ் மூலத்தின் ஆண்டுகளோடு ஆங்கிலத் தலைப்புகள் இவை. 1965-இல் 'ரோசன்னா'. 1966-இல் 'த மேன் ஹூ வென்ட் அப் இன் ஸ்மோக்'. 1967-இல் 'த மேன் ஆன் த பால்கனி'. 1968-இல் 'த லாஃபிங் போலீஸ்மேன்'. 1969-இல் 'த ஃபயர் எஞ்சின் தட் டிஸப்பியர்ட்'. 1970-இல் 'மர்டர் அட் த சவாய்'. 1971-இல் 'த அபாமினபிள் மேன்'. 1972-இல் 'த லாக்ட் ரூம்'. ஓராண்டு இடைவெளி விட்டு 1974-இல் 'காப் கில்லர்'. 1975-இல் 'த டெரரிஸ்ட்ஸ்'. ஒரு துண்டுக் காகிதத்தில் இதை எழுதி முதல் புத்தகத்துக்குள் செருகிவிடுங்கள். அடுத்த பத்து மாதத்துக்கு அதுவே பக்க அடையாளம்.

பத்தையும் ஒரே பதிப்பில் வாங்க வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை. அலமாரியில் அழகாக இருக்கும், அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர்கள் எப்படியும் பலர். ஒருவர் நடை இறுக்கமாக இருக்கும், இன்னொருவர் கொஞ்சம் விளையாடுவார். 'காப் கில்லரில்' வரும் கிராமத்துப் போலீஸ்காரரின் குடும்பப் பெயர் மூலத்தில் 'நொய்ட்'. திருப்தியாக இருக்கிறேன் என்று பொருள்படும் சொல் அது. ஆங்கிலத்தில் அவரை 'ஆல்ரைட்' ஆக்கிவிட்டார்கள். மனிதர் தொலைபேசியை எடுத்துப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

பின்னட்டையைத் திருப்பாதீர்கள்

துப்பறியும் வரிசையின் முதல் எதிரி பின்னட்டை. எட்டாவது புத்தகத்தைப் பற்றி நான்கு வரி எழுத வேண்டும் என்றாலே ஏழாவதின் கடைசிப் பக்கங்களைச் சொல்லியாக வேண்டும். பதிப்பாளர்மேல் குற்றமில்லை, கதை அப்படி அமைந்திருக்கிறது. ஆகவே அடுத்த புத்தகத்தை வாங்கியதும் அட்டைக்கு ஒரு பழுப்புத் தாள் போட்டுவிடுங்கள். பள்ளிக்கூடப் பழக்கம், இன்றும் உதவுகிறது.

இரண்டாவது எதிரி முன்னுரை. புதிய பதிப்புகளில் புகழ்பெற்ற துப்பறியும் எழுத்தாளர்கள் முன்னுரை எழுதியிருக்கிறார்கள். 'ரோசன்னா'வுக்கு ஹென்னிங் மங்கெல் எழுதியது அவற்றில் ஒன்று. அன்போடு எழுதப்பட்டவைதான், ஆனால் பொதுவாக முன்னுரையாளர்கள் நீங்கள் கதையைப் படித்துவிட்டீர்கள் என்ற நினைப்பில் பேசுகிறவர்கள். முன்னுரையைப் பின்னுரையாகப் படியுங்கள். இணையத்தில் பாத்திரத்தின் பெயரைத் தட்டிப் பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள். பெயருக்குப் பக்கத்திலேயே இறந்த விவரம் நிற்கும்.

பத்தாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவே கூடாது. அதன் கடைசிச் சொல் ஒரு வேட்டு. 300 அத்தியாயம் நடந்து வந்தவருக்குத்தான் அது வெடிக்கும்.

பெயர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஸ்வீடிஷ் பெயர்களில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். முதல் ஐம்பது பக்கத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பெயர்கள், பாதிக்கு மேல் 'சொன்' என்று முடியும். ஒரு நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து நகர்ந்துபோகும் பெயர், வாயால் ஒரு முறை சொல்லிவிட்டால் நின்றுவிடும்.

நான்கு விதிகள் போதும். தலையில் சிறு வளையம் போட்ட 'ஏ' எழுத்தை 'ஓ' என்று சொல்லுங்கள். ஆகவே 'ஓசா', 'ஓக்கே', 'மோன்சொன்'. இரண்டு புள்ளி வைத்த 'ஓ' எழுத்து நம் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, இரண்டில் எதைச் சொன்னாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். அந்த எழுத்துக்கு முன்னால் வரும் 'ஜி' யகரமாகிவிடும். முதல் நாவலில் பிணம் கிடைக்கும் கால்வாயை 'கோட்டா' என்று படிக்காதீர்கள், அது 'யோத்தா'. 'பெர்க்' என்று முடியும் பெயர்கள் 'பெரி' என்று ஒலிக்கும். எனவே மார்ட்டின் பெக்கின் நெருங்கிய நண்பர் 'கொல்பெரி'.

தெருப் பெயர்கள் நீளமாக மிரட்டும். 'கத்தான்' என்று முடிந்தால் தெரு, 'தோரி' என்று முடிந்தால் சதுக்கம். 'ரங்கநாதன்தெரு' என்று சேர்த்து எழுதினால் எப்படியோ அப்படி. வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் படியுங்கள்.

ஆட்களில் ஏழெட்டுப் பேரைத் தெரிந்துகொண்டால் பத்துப் புத்தகத்துக்கும் கையோடு வருவார்கள். மார்ட்டின் பெக்: எப்போதும் சளி, வயிற்று உபாதை, பேச்சற்றுப்போன திருமணம், ஓய்வு கிடைத்தால் பொம்மைக் கப்பல் கட்டுவார். கதைசொல்லி அவரை எப்போதும் முழுப் பெயரால்தான் அழைக்கிறார். கொல்பெரி: குண்டர், சாப்பாட்டுப் பிரியர், மனைவிமேல் உயிர். தற்செயலாக ஒருவரைக் கொன்றுவிட்ட பிறகு துப்பாக்கி தூக்க மறுப்பவர். மெலாண்டர்: எதையும் மறக்காதவர், தேடும்போதெல்லாம் கழிப்பறையில் இருப்பவர். குன்வால்ட் லாஷொன்: முன்னாள் கடலோடி, மலை போன்ற உடம்பு, முரட்டு வாய், விலையுயர்ந்த உடைகள். அந்த உடைகள் எப்படியெல்லாம் நாசமாகின்றன என்பதைப் புத்தகம்தோறும் எண்ணிக்கொண்டு வருவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. மூன்றாவது புத்தகத்தில் நுழையும் அவரை முதலில் வெறுப்பீர்கள். ரொன்: வடகோடி லாப்லாந்துக்காரர், சிவந்த மூக்கு, வரிசையிலேயே நல்ல மனிதர். மால்மோ நகரத்து மோன்சொன் பல்குச்சியை மென்றுகொண்டிருப்பார். ரோந்துக் காரில் கிறிஸ்தியான்சொன், குவாந்த் என்று இரண்டு சோம்பேறிகள். அவர்கள் வந்தால் தடயம் அழியப்போகிறது என்று பொருள்.

'ரோசன்னா'வின் முதல் நூறு பக்கம்

இங்கேதான் பாதிப் பேர் கழன்றுகொள்கிறார்கள். ஜூலை மாதம், மூத்தாலா ஊருக்கு அருகில் கால்வாயின் மதகடியைத் தூர் வாரும் இயந்திரத்தில் ஒரு பெண்ணின் உடல் சிக்குகிறது. அதற்குப் பிறகு நெடுநேரம் எதுவுமே நடப்பதில்லை. அவள் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த மார்ட்டின் பெக் விடுதி அறையில் உட்கார்ந்து சீலிங்கைப் பார்க்கிறார். கடிதம் போடுகிறார்கள், காத்திருக்கிறார்கள். அவள் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரவாசி என்று ஒரு நாள் தகவல் வருகிறது. வழக்கு ஆறு மாதத்துக்கு மேல் இழுக்கிறது.

அந்தக் காத்திருப்புதான் கதை என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1965-இல் கைபேசி இல்லை, கண்காணிப்பு கேமரா இல்லை. 'டயானா' என்ற சுற்றுலாக் கப்பலில் அவளோடு பயணம் செய்தவர்கள் உலகமெங்கும் கலைந்துபோய்விட்டார்கள். அவர்கள் விடுமுறையில் எடுத்த புகைப்படங்களையும் சிறு படச்சுருள்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, யாரோ எதற்கோ எடுத்த படத்தின் ஓரத்தில் அவள் நிற்கிறாளா என்று போலீஸ் தேடுகிறது. திரையிட்ட அறையில் அந்தச் சுருளை ஓட்டிப் பார்க்கும் அத்தியாயத்துக்கு வரும்வரையாவது பொறுத்துக்கொள்ளுங்கள். செத்துப்போன பெண் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடக்கிறாள். அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொலையாளி யார் என்று தெரிந்திருந்தும்கூட.

அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையா? நான்காவதற்குத் தாவுங்கள். விதியை நானே உடைக்கிறேன், தெரிந்துதான். 'த லாஃபிங் போலீஸ்மேன்' 1971-இல் அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் சங்கத்தின் எட்கர் பரிசு பெற்ற நாவல். 1967 நவம்பர் மாதத்து மழை இரவு. ஊரில் இருக்கும் போலீசெல்லாம் அமெரிக்கத் தூதரகத்துக்கு எதிரே வியட்நாம் போர் எதிர்ப்பாளர்களை அடித்துக்கொண்டிருக்கிறது. நகரத்தின் மறுமுனையில் ஒரு மாடி பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் யாரோ சுட்டுத் தள்ளிவிட்டான். இறந்தவர்களில் ஒருவர் மார்ட்டின் பெக்கின் குழுவைச் சேர்ந்த போலீஸ்காரர். அவர் அந்த பஸ்ஸில் ஏன் இருந்தார்? இதைப் படித்த பிறகு நீங்களே திரும்பிப்போய் முதல் மூன்றையும் எடுப்பீர்கள். இழப்பு ஒன்று உண்டு. அந்த இளைஞரை முந்தைய புத்தகங்களில் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த மரணம் உறைக்கும் அளவுக்கு உங்களுக்கு உறைக்காது.

ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம்

ஒரே மூச்சில் பத்தையும் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விடுமுறை முடிவதற்குள் முடித்தேன் என்று பெருமையும் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்தாண்டுகளில் மூப்படையும் மனிதர்களைப் பத்து நாளில் பார்த்தால் அவர்கள் மூப்படைவது தெரியாது. இரவில் ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர்களும் இரவில் ஆளுக்கொரு அத்தியாயமாகத்தானே எழுதினார்கள். புத்தகத்துக்கு ஒரு மாதம், பத்து மாதத்தில் வரிசை முடிந்துவிடும். அத்தியாயங்கள் சிறியவை, இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. புத்தகத்தின் கடைசி ஐந்தாறு அத்தியாயங்களில் மட்டும் இந்த விதியை மீறலாம், மீறுவீர்கள்.

ஒவ்வொரு புத்தகம் முடிந்ததும் நோட்டில் நான்கு வரி எழுதுங்கள். வழக்கைப் பற்றி எழுத வேண்டாம், அது நினைவிருக்கும். மார்ட்டின் பெக் இப்போது எங்கே குடியிருக்கிறார், மகள் இங்கிரிட்டோடு என்ன பேசினார், குழுவில் யார் புதிதாக வந்தார், மேலதிகாரி யார். இந்தச் சில்லறைத் தகவல்கள்தான் ஐந்தாவது புத்தகத்திலும் ஒன்பதாவது புத்தகத்திலும் வட்டி போட்டுத் திரும்பி வருகின்றன. நான்காவதில் கிறிஸ்துமஸ் பரிசாக மகள் ஓர் இசைத்தட்டு கொடுக்கிறாள், குடும்பமே கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறது, அப்பா மட்டும் சிரிப்பதில்லை. அந்தக் காட்சிக்கு நோட்டில் ஒரு வரி கொடுங்கள்.

சும்மா போகும் தொலைபேசி அழைப்புகளையும் தாண்டிப் போகாதீர்கள். மூன்றாவது புத்தகத்துக்கு இதைச் சிறப்பாகச் சொல்கிறேன். அதற்கு மேல் சொல்ல முடியாது.

ஊரையும் காலத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்டாக்ஹோம் தீவுகளின்மேல் கட்டிய நகரம். அதன் வரைபடத்தை ஒரு முறை விரித்துப் பார்த்தால் போதும். போலீஸ் தலைமையகம் இருக்கும் குங்ஸ்ஹோல்மென் தீவு, மார்ட்டின் பெக் பின்னாளில் குடிபோகும் பழைய நகரமான கம்லா ஸ்தான், இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜூலை வந்தால் நாடே விடுமுறையில் போய்விடும். அலுவலகத்தில் ஆள் இல்லை, பதில் இல்லை என்று நாவலில் புலம்பினால் அது சோம்பல் அல்ல, நாட்காட்டி. இரண்டாவது புத்தகத்தில் தீவுக் குடிலுக்கு விடுமுறையில் போன மார்ட்டின் பெக்கை உடனே திருப்பி அழைத்துவிடுகிறார்கள். ஒரு ஸ்வீடன்காரருக்கு இதைவிடப் பெரிய கொடுமை கிடையாது என்று தெரிந்தால்தான் அந்த அத்தியாயத்தின் எரிச்சல் புரியும்.

1965 தொடக்கத்தில் ஸ்வீடனின் ஊர்ப் போலீஸ் அமைப்புகள் எல்லாவற்றையும் மைய அரசு எடுத்துக்கொண்டது. தங்கள் ஊர்க்காரராக இருந்த போலீஸ்காரர் அந்நியரானது அன்றிலிருந்துதான் என்று பாத்திரங்கள் ஓயாமல் குறைபட்டுக்கொள்வார்கள். அதே ஆண்டிலிருந்து பத்தாண்டுக்குள் பத்து லட்சம் வீடுகள் கட்டும் அரசுத் திட்டம் நடந்தது. நகரின் நடுவில் பழைய குடியிருப்புகள் இடிந்துகொண்டிருந்தன. வரிசை நெடுக இயந்திரங்களின் இரைச்சல் கேட்பது அதனால்தான்.

இன்னொன்று, ஆங்கிலத்தில் படிக்கும் யாருக்கும் தெரியாமல் போவது. ஸ்வீடிஷ் மொழியிலும் நம்மைப்போல 'நீ' வேறு, மரியாதைச் சொல் வேறு. பதவிப் பெயரைச் சொல்லி அழைக்கும் வழக்கமும் இருந்தது. 1967-இல் அந்நாட்டு மருத்துவத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற புரூர் ரெக்சேத், இனி எல்லா ஊழியரையும் 'நீ' என்றே அழைப்பேன் என்று அறிவித்தார். சில ஆண்டுகளில் நாடே அப்படி மாறிப்போனது. இந்த நாவல்கள் அந்த மாற்றத்தின் நட்டநடுவில் எழுதப்பட்டவை. ஆங்கிலம் எல்லாவற்றையும் ஒரே 'யூ'வில் கரைத்துவிட்டது. மேலதிகாரியோடு பேசும் காட்சிகளை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். இந்த இடத்தில் 'நீங்கள்' வந்திருக்குமா, 'நீ' வந்திருக்குமா என்ற கேள்வி எழும்போது, ஆங்கிலேய வாசகருக்குக் கிடைக்காத ஒரு கூர்மை நமக்குக் கிடைக்கிறது.

எங்கே தொய்வு வரும்

பத்தும் ஒரே தரம் என்று சொன்னால் பொய். இரண்டாவது புத்தகத்தில் காணாமல்போன பத்திரிகையாளரைத் தேடி மார்ட்டின் பெக் புடாபெஸ்ட் போகிறார். ஆற்றங்கரை, வெயில், நல்ல சாப்பாடு, மெதுவான கதை. படிக்கச் சுகம், வேகம் எதிர்பார்க்காதீர்கள். மூன்றாவது புத்தகம் ஸ்டாக்ஹோம் பூங்காக்களில் குழந்தைகள் கொல்லப்படுவதைப் பற்றியது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இரவில் படிக்கக் கடினம். பகலில் படியுங்கள், மனம் ஒப்பவில்லை என்றால் தள்ளி வையுங்கள். அதற்காக நீங்கள் குறைந்த வாசகர் ஆகிவிட மாட்டீர்கள்.

ஐந்தாவதும் ஏழாவதும் எனக்கு மிகவும் பிடித்தவை. ஐந்தாவதின் தொடக்கத்தில் ஒருவர் தற்கொலை செய்துகொள்கிறார், அருகில் இருக்கும் தாளில் இரண்டே சொல்: மார்ட்டின் பெக். அவரை மார்ட்டின் பெக்குக்கு யாரென்றே தெரியாது. தலைப்பில் உள்ள தீயணைப்பு வண்டி இரண்டு வண்டிகளைக் குறிக்கிறது, அதில் ஒன்று ரொன்னுடைய பையனின் பொம்மை. ஏழாவது ஏறக்குறைய ஒரே நாளில் நடந்து முடிகிறது. மருத்துவமனை அறையில் ஒரு போலீஸ் அதிகாரி கொல்லப்படுகிறார். அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியத் தெரிய யார்மேல் இரக்கப்படுவது என்று கை நடுங்கும். காவல் நிலையச் சாவுகளைச் செய்தித்தாளில் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த நாவலில் அந்நியமாக எதுவும் இருக்காது.

ஆறாவதில் மால்மோ நகரத்து ஆடம்பர விடுதியில் விருந்துக்குப் பின் பேசிக்கொண்டிருக்கும் தொழிலதிபரை ஒருவன் சுட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் போய்விடுகிறான். அருமையான தொடக்கம். ஆனால் இங்கிருந்து ஆசிரியர்களின் அரசியல் உரத்த குரலில் பேசத் தொடங்குகிறது. எட்டாவதில் வங்கிக் கொள்ளைப் பிரிவின் கோமாளித்தனம் அதை ஈடுகட்டுகிறது. உள்ளே தாழிட்ட அறையில் துப்பாக்கியே இல்லாமல் சுடப்பட்டுக் கிடப்பவர் என்ற பழைய புதிரையும் அதற்குள் வைத்திருக்கிறார்கள். பத்தாவதில் பிரசங்கம் சில பக்கங்களைத் தின்றுவிடுகிறது. அந்தப் பக்கங்களை வேகமாகக் கடந்தாலும் பாவமில்லை. நீதிமன்றக் காட்சிகளை மட்டும் கடந்துவிடாதீர்கள். பெண்களை வர்ணிக்கும் இடங்கள் சில, எந்தப் புத்தகமானாலும், அந்தக் காலத்து ஆண் கண்ணோட்டத்தில்தான் இருக்கின்றன. எழுதியவர்களில் ஒருவர் பெண் என்பதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

படங்களும் வானொலியும்

நான்காவது புத்தகத்தை 1973-இல் ஹாலிவுட் படமாக்கியது. கதை சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டது, வால்டர் மாத்தாவ் நடித்தார், மார்ட்டின் பெக் என்ற பெயர்கூட மிஞ்சவில்லை. ஏழாவதை பூ வீடர்பெரி 1976-இல் ஸ்வீடிஷ் மொழியில் எடுத்த படம்தான் பார்க்க வேண்டியது. அதன் தலைப்பே கதையின் கடைசிப் பகுதியைக் காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே புத்தகத்தை முடித்த பிறகு தேடுங்கள். 1997-இலிருந்து வரும் 'பெக்' என்ற ஸ்வீடன் தொலைக்காட்சித் தொடரில் பேத்தர் ஹாபர் நடிக்கிறார். நல்ல தொடர்தான், ஆனால் பாத்திரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இன்றைய காலத்தில் வேறு கதைகள் சொல்கிறது. அதைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வந்தால் ஆட்கள் குழம்பிப்போவார்கள். பிபிசி வானொலி பத்து நாவல்களையும் 2012, 2013 ஆண்டுகளில் நாடகமாக்கியது. பத்தையும் படித்து முடித்தவர்கள் சமையலறையில் வேலை செய்துகொண்டே கேட்கலாம். படிக்காதவர் யாராவது வீட்டில் இருந்தால் காதுக்கருவி மாட்டிக்கொண்டு கேளுங்கள்.